பதினைந்தாவது ஆள்

போன வியாழக்கிழமை இராஜபாளையத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். மதியம் இரண்டு மணி. பட்டுப்புடவை வேறு. ஆட்டோவுக்குக் கை காட்டலாம் என்று திரும்பினால், எதிரே மதுரை பஸ் ஒன்று வந்து நிற்கிறது.

எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக ஒரு பெண். தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கினாள். பஸ்ஸிலிருந்து அப்படி இறங்குகிற பெண்ணை இந்தப் பக்கத்தில் எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும்.

மாரீஸ்வரி.

உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். தோளில் ஒரு பெரிய பை. கையில் ஒரு பை. பின்னாலேயே கண்டக்டர் ஒரு வாளியையும் சுருட்டிய பாயையும் எடுத்து வந்து கொடுத்தார்.

"என்ன மாரி, லீவா?" என்றேன்.

"இல்லக்கா... வந்துட்டேன்."

தமிழில் இந்த ஒரு சொல் போதும். ஊருக்கு வந்தவளும் 'வந்துட்டேன்' என்றுதான் சொல்வாள். எல்லாம் முடிந்து திரும்பியவளும் அதையேதான் சொல்வாள். எந்த 'வந்துட்டேன்' என்று கேட்கவேண்டியதில்லை. வாளி, பாய் எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறதே...

மகாராஜபுரம் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தோம். அந்த அரை மணியில் அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். ஒரு சின்னக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். சுருக்கமாக பி.டி. சார். இருபத்திரண்டு வருஷமாக அதே கல்லூரி, அதே விசில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. பெயர் எதற்கு? பி.காம்., பி.ஏ., கொஞ்சம் கம்ப்யூட்டர் — எல்லா ஊரிலும் ஒன்று இருக்குமே, அந்த மாதிரிக் கல்லூரி.

அங்கே ஒரு பாஸ்கெட்பால் கோர்ட். சிமெண்ட் தரை. இரண்டு ரிங்கில் ஒன்று நேராக இருக்கும். இன்னொன்று இருபது வருஷமாகக் கொஞ்சம் தலையைத் தொங்கப்போட்டபடி இருக்கும். 'அதுல போடப் பழகிட்டா எதுலயும் போடலாம்' என்பது இவருடைய சித்தாந்தம். ரிப்பேருக்குக் காசு கேட்டு அலுத்துப்போன பிறகு உண்டான சித்தாந்தம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதம், அட்மிஷன் வரிசையில் மாரீஸ்வரியைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு பிள்ளை வந்திருக்கு. அம்புட்டு உசரம். ஆனா நிமிர்ந்து நிக்க மாட்டேங்குது."

நிமிர்ந்து நிற்கவைக்கத்தான் மூன்று மாதம் ஆனது. ஸ்கூலில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தே பழக்கம். போட்டோ எடுத்தால் ஓரத்தில். ஊரில் 'தென்னை மரம்' என்று கூப்பிடுவார்களாம். அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம். அம்மா தோப்பு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் பாஸ்கெட்பால் என்றால் என்ன என்று விளக்கவே இவர் இரண்டு தடவை மகாராஜபுரம் போனார்.

ஆனால் பந்து கையில் வந்தபிறகு... என்ன சொல்ல? எனக்கு விளையாட்டு தெரியாது. இருபது வருஷம் இவரோடு வாழ்ந்தும் தெரியாது. ஆனால் அவள் ஆடும்போது பார்க்கப் போவேன். போர்டில் பட்டுத் திரும்புகிற பந்தை அவள் எம்பி எடுப்பாள் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே வெண்டைக்காய் நறுக்குவதைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். குனிந்து நடக்கிற பெண் அங்கே மட்டும்தான் முழு உயரத்துக்கு நிற்பாள்.

அந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டாம் இடம். கல்லூரி பஸ் கிடையாது. டவுன் பஸ்ஸில் போய், டவுன் பஸ்ஸில் வந்தார்கள். நான் எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்தேன். இரண்டாம் இடம் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. முதல்வர் மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார். கேப்டன் செல்விக்குச் சால்வை தரையைத் தொட்டது. மாரீஸ்வரிக்கு முழங்காலைத் தாண்டவில்லை.

அந்தப் போட்டியைப் பார்க்க வந்திருந்தார் ஒருவர். வெளியூரில் பெரிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கோச்.

ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். 'சார், சார்' என்று மரியாதையாகப் பேசினார். காபி குடித்தார். விஷயத்தையும் நேராகவே சொன்னார். சீட் இலவசம். ஹாஸ்டல் இலவசம். சாப்பாடு, ஷூ, டிரெஸ், பிசியோ எல்லாம் அவர்கள். அதற்கு மேல் மாதம் பத்தாயிரம் ரூபாய் கையில். ஒரே ஒரு நிபந்தனை — அங்கே முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேரவேண்டும்.

"ஒரு வருஷம்தானே சார் போகுது? வாழ்க்கை கிடைக்குதே" என்றார்.

அவர் போகும்போது இந்த ஊரில் இரண்டு பொருள் வாங்கினார். ஒன்று பால்கோவா.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. மாரீஸ்வரி கேட்டபோதும், "போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. போன்னு சொல்ல மனசு இல்ல. உங்க வீட்டுல கேட்டுக்கோ" என்று விட்டுவிட்டார்.

வீட்டில் யாரைக் கேட்பார்கள்? அவள் அம்மா பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல், கேட்டார்.

"சாரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதாக. நீங்க சொல்லுங்கம்மா. அனுப்பட்டா, வேண்டாமா? உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீக?"

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. எங்களிடம் என்ன இருந்தது அவளுக்குக் கொடுக்க? எலுமிச்சைச் சாதம். தலை தொங்கிய ஒரு ரிங். ஷூ கிழிந்தால் ஃபெவிக்விக்.

"அனுப்புங்க" என்றேன்.

இப்போதும் சொல்கிறேன் — ஆடுகிற பிள்ளைக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். எத்தனை வருஷமாக நம் பிள்ளைகள் ஒரு ஷீல்டுக்கும் இரண்டு பரோட்டாவுக்கும் மூட்டு தேய ஆடியிருக்கிறார்கள்? கல்லூரி வாசலில் அவர்கள் படத்தை பேனர் வைத்து அட்மிஷன் நிரப்புகிறவர்கள், அந்தப் பிள்ளைக்கு மாதம் கொஞ்சம் கொடுத்தால் என்ன தப்பு? கொடுக்கத்தான் வேண்டும்.

அப்படி நினைத்துத்தான் சொன்னேன். அந்தப் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. 'ஆடறதுக்கு' என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மாரீஸ்வரி போனாள். அவள் போனதோடு நின்றதா? பந்தை நன்றாகக் கடத்துகிற ஒரு பிள்ளையை இன்னொரு பெரிய கல்லூரி கூப்பிட்டுக்கொண்டது. 'மாரியும் வர்றா'ன்னு சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கியிருந்தார்கள் நான்கு பேர். அவள் இல்லை என்றதும் அந்த வீடுகளில் அனுப்பவில்லை. அடுத்த சீசனுக்குள் பன்னிரண்டு பேர் ஆறு பேராகிவிட்டார்கள். செல்வி இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஐந்தடியை யார் கூப்பிடுவார்கள்?

அந்த வருஷம் அக்டோபரில் ஓர் அழைப்பு வந்தது. அந்தப் பெரிய பல்கலைக்கழகமே நடத்துகிற கல்லூரிகளுக்கான போட்டி. போகலாமா வேண்டாமா என்று இவர் இரண்டு நாள் யோசித்தார். பிள்ளைகள்தான் போகணும் என்றார்கள். மாரியைப் பார்க்கலாமே என்று ஆசை. பெண்கள் டீமுக்கு ஒரு பெண் மேனேஜர் கூட வரவேண்டும் என்பது விதி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் எனக்கே தெரியும், அது நான்தான் என்று.

அந்த ஸ்டேடியத்தைப் பார்க்கவேண்டும் நீங்கள். கூரை போட்டது, ஏசி செய்தது. தரை முழுக்க மரம். முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. எங்கள் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். செல்வி சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றினாள். மற்ற ஐந்து பேரும் கழற்றினார்கள். கோவிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு உள்ளே போனார்கள். பிறகு இவர் பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவர்களும் சின்னப் பிள்ளைகள்தானே.

அவர்கள் பக்கம் பதினைந்து பேர் ஒரே மாதிரி உடையில் வார்ம் அப் செய்துகொண்டிருந்தார்கள். நான் மாரியைத் தேடினேன். இருந்தாள். நிமிர்ந்துதான் நின்றாள். ஆனால் அங்கே அவள் உயரம் தெரியவே இல்லை. எல்லோரும் அவள் உயரம். இரண்டு பேர் அவளைவிட உயரம்.

ஆட்டம் தொடங்கும் முன் பன்னிரண்டு பேர் பெஞ்சுக்குப் போனார்கள். மூன்று பேர் பின்வரிசைக்குப் போய் டவல்களை மடித்துவைக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி மாரீஸ்வரி.

"ஏங்க, மாரி ஆடலையா?" என்று இவரிடம் கேட்டேன்.

"லிஸ்ட்டுல பன்னெண்டு பேர்தான். அவ பேர் இல்ல."

"ஏன்?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

பாஸ்கெட்பாலில் ஒரு விதி உண்டு. ஆட்டத்தை ஆரம்பிக்க ஐந்து பேர் வேண்டும். ஆரம்பித்துவிட்டால், இரண்டு பேர் மிஞ்சும்வரை ஆடலாம். ஒருத்தர் ஐந்து ஃபவுல் செய்துவிட்டால் வெளியே போய்விடவேண்டும். எங்களிடம் ஆறு பேர்.

இரண்டாவது குவார்ட்டரில் ஒரு பிள்ளை அந்த மரத் தரையில் வழுக்கிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டாள். தூக்கிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாற்று ஆள் இறங்கினாள். சரியாக ஐந்து பேர். கால் வீங்கிக்கொண்டே வந்தது. எங்களிடம் இருந்த முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும்தான். பேண்டேஜ் செய்கிற ஊருக்குப் பக்கத்திலிருந்து வந்தோம், கையில் ஒரு நல்ல பேண்டேஜ் இல்லை.

இடைவேளையில் யாரோ கோர்ட்டைச் சுற்றி ஓடிவந்தார்கள். மாரி. கையில் ஐஸ் பையும் கிரேப் பேண்டேஜும். தரையில் மண்டியிட்டு அந்தப் பிள்ளையின் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துக் கட்டினாள். ஸ்கோர் போர்டை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டுக்கு ஐந்து.

கட்டி முடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அக்கா... நம்ம ஜெர்சி இன்னொண்ணு இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் பக்கம் ஆட இறங்கப் பார்க்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. அதெல்லாம் விதியில் நடக்கிற காரியமா? அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

ஜெர்சி இருந்தது. அவள் போட்ட பதினொன்றாம் நம்பர். இவர் அதை யாருக்கும் கொடுக்காமல் பைக்கு அடியில் வைத்திருந்தார்.

"இல்லடா" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து கோச் கைதட்டிக் கூப்பிட்டார். திட்டவில்லை. கூப்பிட்டார், அவ்வளவுதான். அவள் போய் டவல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் பிள்ளை ஒருத்திக்கு ஐந்தாவது ஃபவுல். நான்கு பேர். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. மூன்று பேர். ரெஃப்ரி எங்கள் பெஞ்சுக்கு வந்து, "சார், இத்தோட முடிச்சுக்கலாமா?" என்று இவரிடம் கேட்டார். இவர் செல்வியைப் பார்த்தார்.

"ஆடுதோம் சார்" என்றாள்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்த இடத்தில் ஒரு வீரக் கதையை எதிர்பார்ப்பீர்கள். எனக்குத் தெரியும். மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்குகிற இடம் இது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அது வீரம் மாதிரி இல்லை. ஐந்து பேருக்கு எதிராக மூன்று பேர் ஓடினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஓடினாள். பந்து அவர்கள் கைக்கு வரவே இல்லை. கூட்டத்தில் யாரோ போனில் படம் எடுத்தார்கள். அந்தக் கோச் தன் பிள்ளைகளிடம் 'மெதுவா' என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. லீக் போட்டி. பாயிண்ட் வித்தியாசம் கணக்கில் வருமாம். அவர் வேலையை அவர் செய்தார்.

நூற்றெட்டுக்கு ஒன்பது.

எலுமிச்சைச் சாதம் அப்படியே திரும்பி வந்தது.

அதோடு எங்கள் கல்லூரியில் பாஸ்கெட்பால் முடிந்தது. யாரும் 'முடித்துவிட்டோம்' என்று அறிவிக்கவில்லை. அடுத்த வருஷம் ஆள் சேரவில்லை. நிர்வாகத்தில், "ஆடாத கோர்ட்டு எதுக்கு சும்மா கிடக்கு?" என்று கேட்டார்கள். மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டு டூவீலர் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். இவருக்கு இப்போது காலையில் கேட்டில் நின்று ஐடி கார்டு பார்க்கிற வேலை. விசில் மட்டும் கழுத்தில் இருக்கிறது. வண்டிகளை ஒழுங்குபடுத்த உதவுகிறதாம்.

சரி. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுக்கு வருகிறேன்.

"ரெண்டு வருஷமும் காலையில அஞ்சரைக்கு பிராக்டிஸ்க்கா. ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்றாள் மாரி. "மொத வருஷம் நான் பதிமூணாவது ஆளு. அடுத்த வருஷம் வெளி மாநிலத்துலேர்ந்து ரெண்டு பேரைக் கூட்டியாந்தாக. பொறவு நான் பதினஞ்சாவது ஆளாயிட்டேன்."

"ஒரு மேட்சுகூட ஆடலையா?"

"பிராக்டிஸ் மேட்ச் ஆடுனேன். லிஸ்ட்டுல பேர் வந்ததில்ல."

"அப்புறம் எதுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நானும் ஒரு நாள் கோச்கிட்ட கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 'நீ வேற டீமுல இருந்தா எங்களுக்குத் தொந்தரவும்மா. இங்க இருந்தா தொந்தரவு இல்ல'ன்னு. தமாசுக்குத்தான் சொன்னாரு."

மாதம் பத்தாயிரம். அது எதற்கான சம்பளம் என்று அந்த பெஞ்சில்தான் எனக்கு விளங்கியது. ஆடுவதற்கு இல்லை. எங்கேயும் ஆடாமல் இருப்பதற்கு.

நாற்றங்காலைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வயலுக்காக நாற்றைப் பறித்துக்கொண்டு போவார்கள். சரி, அந்த வயலாவது விளையும். இங்கே பறித்த நாற்று நடப்படவே இல்லை. வரப்பில் கட்டுக்கட்டாகக் காய்கிறது. நாற்றங்காலில் வெறும் சேறு.

இந்த ஜூனில் கூப்பிட்டு, அந்தப் பத்தாயிரம் ஸ்டைபெண்ட் இனிமேல் கிடையாது என்றிருக்கிறார்கள். ஹாஸ்டலும் இலவசம் இல்லை. கடைசி வருஷத்தை முடிக்கவேண்டுமானால் எல்லோரையும் போல ஃபீஸ் கட்டலாம். அந்த ஃபீஸ் எவ்வளவு என்று சொன்னாள். குத்தகை நிலத்தையே அவர்களுக்கு எழுதி வைத்தாலும் ஆகாது. அது சொந்த நிலம்கூட இல்லை. ஆடிய சான்றிதழாவது இருந்தால் போலீஸிலோ ரயில்வேயிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முயற்சி செய்யலாம். லிஸ்ட்டில் பெயர் வராதவளுக்கு ஏது சான்றிதழ்? எங்கள் கல்லூரியில் இரண்டாம் இடம் வாங்கிய அந்த ஒரு தாள்தான் அவளிடம் இருக்கிறது. அது போதாது.

"அக்கா, சார்கிட்ட கேட்டா நம்ம காலேஜுல மறுபடி சேர்த்துக்கிடுவாகளா? பிள்ளைக யாராவது ஆடுறாகளா இப்போ?"

எனக்குப் பொய் சொல்ல வந்தது. ஜெர்சி இல்லை என்று ஒரு தடவை சொல்லியாயிற்று, போதும் என்று விட்டேன். கோர்ட்டில் வண்டி நிற்கிறது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகாராஜபுரம் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாரி உன்னைப் போகச் சொன்னேன்" என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னீக."

கோபப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, பஸ்ஸில் ஏறிப் போனாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் கேட் வேலைக்குப் போகாமல் நேராக முதல்வர் அறைக்குப் போயிருக்கிறார். வேறு பல்கலைக்கழகம், வேறு படிப்பு. நடுவில் சேர்க்க முடியாது. வேண்டுமானால் முதல் வருஷத்திலிருந்து சேரலாம் என்றாராம் முதல்வர். மூன்றாவது முறையாக முதல் வருஷம். சரி, அதையாவது சொல்லிப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மகாராஜபுரம் போனோம்.

மாரியின் அம்மா வாசலில் சேர் போட்டார். டீ வந்தது. மாரிதான் கொண்டுவந்தாள். அந்த வீட்டின் வாசல் நிலை அவளுக்கு நெஞ்சு உயரம். உள்ளே போகும்போதும் வரும்போதும் கும்பிடுகிற மாதிரி குனிகிறாள்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "மாரி, ஃபீஸைப் பத்திக் கவலைப்படாத. நான் பாத்துக்கிடுதேன். மறுபடி சேர்ந்துரு."

"சேர்ந்து என்ன சார் செய்ய?"

அவள் எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பிள்ளை என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் இவர். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அம்மாதான் பேசினார். "இருக்கட்டும் சார். இராஜபாளையம் நூல் மில்லுலேர்ந்து ஆள் எடுக்க வந்தாக. இவளைப் பாத்ததும் சந்தோசப்பட்டுட்டாக. மிசின்ல மேல தொங்குத பாபினை மத்த பிள்ளைக எட்டி எட்டி மாட்டணுமாம். இவ நின்ன வாக்குல மாட்டிருவாளாம். நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாக. ஊருக்குள்ள வேன் வருது."

சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதில் தப்பு கண்டுபிடிக்க நான் யார்? மகளின் உயரத்தை யாரோ கடைசியில் பயனுள்ளது என்று சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும்போது மாரி தெருமுனை வரை வந்தாள். இவர் அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். பைக் வத்திராயிருப்பைத் தாண்டியது. அதற்குப் பிறகு, என் பக்கம் திரும்பாமல், "நான் போகாதேன்னு சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருந்தால் மட்டும்? இங்கேயே இருந்து மூன்று வருஷம் ஆடியிருப்பாள். பிறகு? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆடியிருப்பாள்.

நேற்று கல்லூரி முகவரிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, எனக்கு வாசித்துக் காட்டினார். அதே பெரிய பல்கலைக்கழகம். அதே போட்டி. இந்த வருஷம் சிறிய கல்லூரிகளுக்குச் சலுகையாம். போக்குவரத்துச் செலவு, தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, கலந்துகொள்வதற்கு ஒரு தொகை — எல்லாம் அவர்களே தருகிறார்களாம்.

"எதுக்காம் இந்தத் தாராளம்?" என்று கேட்டேன்.

"டீமே வர மாட்டேங்குதாம். அவங்க ஜெயிக்கணும்னா எதிர்ல யாராவது நிக்கணும்ல" என்றார், கடிதத்தை மடித்தபடி.

தோற்க வருகிறவர்களுக்கும் காசு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்... ஆள்தான் இல்லை.